காப்பிக் களத்தில் நிற்கும் கேரவன்

கேரவனுக்கு அடியில் என் வீட்டுக்காரர் ஜாக்கியை அடிக்க அடிக்க, என் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. இந்தப் பக்கத்துக் கட்டையை உருவியாயிற்று, இனி அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் உருவிவிட்டால் சக்கரம் மண்ணைத் தொடும், தொட்டால் உருளும், உருண்டால் மலை இறங்கிச் சங்ககிரி போய்த்தான் நிற்கும். நான் பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். துடைத்த பிரிட்ஜையே மறுபடியும் துடைக்கிறேன். எங்காவது ஒரு மூலையில் அழுக்கு மிச்சமிருந்தால் நல்லது, அது தீரும்வரை யாரும் என்னை இறங்கச் சொல்ல முடியாது. "அம்மிணி, கேஸ் சிலிண்டரக் கழட்டீட்டியா?" என்று தரைக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. கழட்டியாச்சுங்க என்கிறேன். "டேங்க்குத் தண்ணி?" தொறந்து உட்டாச்சுங்க. "பேட்டரி வயரு?" அதுவும் ஆச்சுங்க. ஒவ்வொரு தடவை இதை இங்கே விட்டுவிட்டுப் போகும்போதும் இதே கேள்விகள்தான், இதே வரிசைதான், ஏதோ கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கிற மாதிரி. அப்போதெல்லாம் விட்டுப் போவதற்காகக் கேட்டார். இன்றைக்குக் கொண்டுபோவதற்காகக் கேட்கிறார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், இந்த மனுஷனின் குரலில் எதுவுமே ஏறாது, இறங்காது. மகன் காணாமல் போன அன்றைக்கும் இதே குரலில்தான், "ஏரிப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார். ஜாக்கி மறுபடி கிறீச்சிடுகிறது. தகரக் கூரையில் என்னவோ விழுகிறது. சில்வர் ஓக் இலைதான், இந்தக் காற்றுக்கு நாள் பூராவும் விழுந்துகொண்டே இருக்கும், எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் தலை நிமிர்கிறது.

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. காலமெல்லாம் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியையே கட்டிக் கொடுத்தவர், ஒரே ஒரு தடவை தனக்கென்று கட்டியது இந்தக் கேரவன்தான். பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி, இரண்டு சக்கரம், உள்ளே மூன்று படுக்கை, ஒரு அடுப்பு, உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற ஒரு கக்கூஸ். லாரிக்குப் போடுகிற அதே கோங்கு மரச் சட்டம், அதே தகடு. சங்ககிரியே வந்து வேடிக்கை பார்த்தது. சினிமாக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டீர்களே என்று கிண்டலடித்தார்கள். லாரியின் நெற்றியில் பிள்ளை பெயர் எழுதுவது எங்கள் ஊர் வழக்கம், அதனால் இதன் நெற்றியிலும் பெயின்டர் பூப்போட்டு 'நிர்மல்' என்று எழுதினார். எங்களுக்கு ஒரே பிள்ளை, அதனால் பெயரைப் பெரிதாகவே எழுத இடம் இருந்தது. "இருவத்தி மூணு வயசுல என் பேர எழுதி ஊர்வலம் உடறீங்களே, வெக்கமா இருக்குதும்மா" என்று அவன் சிரித்தான். ஏற்காட்டுக்கு முதல் தடவை இழுத்து வந்தபோதே தெரிந்துவிட்டது, வருஷத்துக்கு மூன்று தடவை இதை இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்குவது ஆகிற காரியமில்லை என்று. பட்டறைக்குத் தெரிந்தவர் மூலமாக, இங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கிற சேவியரைப் பிடித்தோம். காப்பிக் கொட்டை காயப்போடுகிற களம், அதன் ஓரத்தில் மூட்டை அடுக்குகிற தகரக் கொட்டகை. "சும்மாதானே கெடக்குது, நிறுத்திக்கங்க சார்" என்றார். அப்படித்தான் இது இங்கேயே தங்கியது. நாங்கள் வந்தால் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்திக் குடியிருப்போம், போகும்போது உள்ளே தள்ளிக் கட்டையில் ஏற்றிவிட்டுப் போவோம். சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டயர் கெட்டுவிடுமாம். சுற்றித் தார்ப்பாய், ஆனால் அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி. பிரிட்ஜ் கதவை மூடக்கூடாது, நாறிவிடும். இதெல்லாம் சந்தோஷமாக இருந்த காலத்துச் சட்டங்கள். அப்புறமும் இதே சட்டங்கள்தான். எதற்கு இன்னும் அங்கேயே போட்டு வைத்திருக்கிறீர்கள், வந்த விலைக்குத் தள்ளிவிடலாமே என்று யாராவது கேட்டால், வளைவில் இறக்குவது கஷ்டம் என்று அவர் சொல்வார். நானும் ஆமாம் என்பேன். இரண்டு பேரும் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை. எதற்குப் பேச வேண்டும்? இந்தக் கதவு வழியாகத்தான் அவன் போனான். போனவன் திரும்பி வந்தால் கதவு இருந்த இடத்தில் இருக்க வேண்டாமா?

அன்றைக்குக் காலையில் எழுந்து பல் விளக்கினான். துண்டைப் பிழிந்து கண்ணாடிமேல் போட்டான். "ஒரு நடை நடந்துட்டு வந்துர்றேம்மா, டீ போட்டு வை" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரவை வறுத்துக்கொண்டிருந்தேன், தீய்ந்துவிடும். அந்தக் குரலை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது? தூக்கக் கலக்கம் இருந்தது, பற்பசை வாசனை இருந்தது, வேறு என்ன? படிப்பு முடித்துவிட்டான், பட்டறையிலேயே உட்கார்கிறேன் என்று அவனாகத்தான் சொன்னான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பெண் இருந்தாளா என்று போலீசில் கேட்டார்கள். கடன் உண்டா, குடி உண்டா. இல்லை, இல்லை, இல்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்கு இத்தனை இல்லைகள்தான் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு பெண்ணோ, ஒரு சண்டையோ, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்திருக்கும். ஏரியில் வலை போட்டார்கள், பாறை முனைக்குக் கீழே ஆள் இறக்கித் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் கிடைத்தது எனக்கு, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை: அவன் அன்றைக்குப் போட்டுக்கொண்டு போனது அவனுடைய செருப்பை இல்லை, அவங்கப்பாவின் செருப்பை. கதவுக்கு வெளியே கிடந்ததில் கைக்கு, இல்லை, காலுக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு சைஸ் பெரியது. ஓடிப்போகிறவன் தன் காலுக்குச் சேராத செருப்போடு ஓடுவானா? திரும்பி வருகிறவன்தான் அப்படிப் போவான். இதை என் மச்சாண்டாரிடம், அதாவது அவர் அண்ணனிடம் சொன்னேன். அந்த மனுஷன் வெற்றிலையை மென்றுகொண்டே, "சாகப் போறவன் எந்தச் செருப்புன்னா பாப்பான், வசந்தாமணி?" என்றார். சொன்ன வாயில் புழு விழ என்று அன்றைக்கு மனதாரச் சபித்தேன். இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. நாலு வருஷமாக, கல்யாண வீடோ எழவு வீடோ எங்கே பார்த்தாலும் அவர் ஆரம்பித்துவிடுகிறார். பையனுக்குப் பவானி கூடுதுறையில் காரியம் பண்ணிவிடுங்கள், பண்ணாமல் விட்டால் அந்த ஆத்மா அலையும், குடும்பத்தில் ஒன்றும் நடக்காது. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் பிண்டம் வைப்பது என்று நான் கேட்பேன். உயிரோடு இருக்கிறான் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்பார். யாரும் சொல்லவில்லை. இந்த வண்டி சொன்னது.

ஆமாம், வண்டிதான் சொன்னது. வீட்டை வெறுமனே விட்டுப் போகக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு ஜாடி உப்பு, ஒரு டப்பா அரிசி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். அவருக்கு இது பிடிக்காது. "இது வீடு இல்ல, வண்டி. ஈரம் இருந்தாத் தகடு துருப் புடிக்கும், அரிசி இருந்தா எலி வரும்" என்பார். உங்களுக்குத்தான் அது வண்டி, எனக்கு அடுப்பு இருக்கிற இடம் வீடு என்று நான் வைத்துவிடுவேன். அவன் போன பிறகு, போலீசு, ஜோசியம், பேப்பர் விளம்பரம் எல்லாம் ஓய்ந்த பிறகு, நாலு மாசம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவை இங்கே வந்தோம். டூர் என்றுதான் சொல்லிக்கொண்டோம். கதவைத் திறந்தேன். அவன் படுக்கையில் போர்வை மூன்றாக மடித்து, பாய் மாதிரிச் சுருட்டிக் கிடந்தது. நான் நாலாக மடிப்பேன். உலகமே நாலாகத்தான் மடிக்கும். மூன்றாக மடித்துச் சுருட்டுகிறவன் ஒருத்தன்தான். தலையணை கதவுப் பக்கம் கிடந்தது, அவன் தலை வைக்கிற பக்கம். அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரு ஆழாக்கு குறைந்திருந்தது. எலி இல்லை, புழுக்கை இல்லை, மூடி மூடியபடி இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். வந்துவிட்டுப் போனது யார்? என் பிள்ளையா, இல்லை என் பிள்ளையாக இருந்ததா? அப்புறம் உப்பு ஜாடியைப் பார்த்தேன். உப்பும் குறைந்திருந்தது. பேய்க்கு உப்பு ஆகாது என்பார்கள், கிட்டவே வராதாம். உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கிறவன் உயிரோடுதான் இருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். ஊருக்கு வர அவனுக்கு வெட்கமாக இருக்கும், ஜனங்கள் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை, மூடுபனியில் வந்து மூடுபனியில் போய்விடலாம். சாவி வைக்கிற சந்து அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தோம், ஒவ்வொரு தடவையும் போர்வை மூன்றாகத்தான் கிடந்தது. ஒரு தடவை அவனுக்காக முறுக்கு வைத்துவிட்டுப் போனேன், அதையும் தின்றிருந்தான். ஒரு சட்டை வைத்தேன், அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று ஆறு மாதம் யோசித்தேன். இளைத்துவிட்டானோ, அளவு சரியில்லையோ, நிறம் பிடிக்கவில்லையோ. மரங்களுக்கு நடுவே நின்று எங்களைப் பார்க்கிறானோ என்று, இங்கே இருக்கிற நாளெல்லாம் தலையை வாரி நல்ல புடவையாகக் கட்டிக்கொள்வேன். அம்மா கிழவியாகிவிட்டாள் என்று அவன் நினைத்துவிடக்கூடாது. இப்போது சேவியர் களத்தை விற்றுவிட்டார். வாங்கினவர் காட்டேஜ் கட்டப் போகிறாராம், அடுத்த வாரம் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். அடுத்த தடவை அவன் வந்து நின்றால் இங்கே வெறும் பள்ளம்தான் இருக்கும். அப்பா செருப்போடு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்பான். எங்களை விட்டுப் போனது அவன் என்று இத்தனை நாள் இருந்தது, இன்றைக்கு அவனை விட்டுப் போவது நாங்கள் என்று ஆகப் போகிறது.

"அக்கா, டீ." சேவியர் கதவுப் படியில் டம்ளரை வைக்கிறார். காப்பித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன், வாழ்நாளில் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. இறங்காமலே வாங்கிக்கொள்கிறேன். அவருக்கு என்னிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நிறையப் பேசுகிறார். விற்க மனசே இல்லைக்கா, மகளுக்கு மாப்பிள்ளை பெங்களூரு, நான் ஒருத்தன் எத்தனை நாள் இந்தக் களத்தைக் கட்டிக்கொண்டு அழ. நான் தலையாட்டுகிறேன். "போன மாசம் சார் வந்தப்பவே சொல்லிட்டேன், அக்காகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னு." எந்த மாசம் என்று கேட்கிறேன். போன மாசம் நாங்கள் வரவில்லையே. "நீங்க வரலக்கா, சார்தான். மழ கொட்டுது, நனஞ்சுட்டு வந்து நிக்கறாரு. எப்பவும் போல உள்ள போயிப் படுத்துக்கிட்டாரு." எப்பவும் போல. டீ சூடாக இருக்கிறது, விரல் சுடுகிறது, டம்ளரை மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று தெரிகிறது, பிடிக்கவில்லை. "அடிக்கடி வருவாருங்களா?" என்று என் குரல் கேட்கிறது. ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்கிறது, அவர் குரல் மாதிரியே. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துருவாரே. வண்டிக்குள்ள இருக்கற அரிசிய அள்ளிக் கொண்டாந்து எங்க வீட்ல குடுப்பாரு, உப்புகூட அவரேதான். 'உன் சாமான் வேண்டாம் சேவியர், இதுல கஞ்சி வெச்சுக் குடு'ம்பாரு. எம் பொண்டாட்டிகூடக் கோவிச்சுக்கும், நாங்க என்ன ஒரு புடி அரிசிக்கு வக்கத்துப் போயிட்டமான்னு." அவர் சிரிக்கிறார். அப்புறம் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா." தெரியுமே என்கிறேன். தெரியாமல் என்ன, சேலத்துக்குத் தகடு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் வருவார். தகடு எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படியானால் போர்வை. அப்படியானால் தலையணை. அரிசி, உப்பு, முறுக்கு. சட்டையை ஏன் தொடவில்லை என்று ஆறு மாதம் யோசித்தேனே, அவருக்கு அது சேராது, அவ்வளவுதான். நாலு வருஷமாக என் பிள்ளை என்று நான் சோறு வைத்தது என் புருஷனுக்கு. கடவுளே, நான் இந்தத் தலையணையை எடுத்து முகர்ந்து பார்ப்பேனே. அவன் வாசனைதான் என்று அடித்துச் சொன்னேனே. இப்போதும் எடுத்து முகர்கிறேன். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் ஈரம். அவர் வாசனைதான். பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற மனுஷனின் வாசனை எனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன ஜென்மம்? தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேனா? இல்லை, தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அந்த 'ம்'. வாசலில் நின்று 'ம்' என்றாரே. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன், அதுவும் சரி. ஆனால் இத்தனை நாள் பிழைத்திருந்தது எதை நம்பி? என் மச்சாண்டாரை வாய்க்கு வாய் எதிர்த்தேனே, எதை வைத்து? ஊரில் அத்தனை பேர் வாயையும் அடைத்தேனே, 'எனக்குத் தெரியும்' என்று. தெரியும், தெரியும் என்று எத்தனை தடவை சொன்னேன். கோபம் ஏறி வருகிறது. அழுகை இல்லை, சுத்தமான கோபம், அடுப்பில் கொதிக்கிற எண்ணெய் மாதிரி. திருடிவிட்டார். இருந்த ஒன்றையும் திருடிவிட்டார். வந்துவிட்டுப் போகிற ஒரு பிள்ளை எனக்கு இருந்தான். முகம் காட்டாவிட்டாலும் கஞ்சி குடித்துவிட்டுப் போகிற பிள்ளை, அவனை இன்றைக்கு டீ ஆறுவதற்குள் கொன்றுவிட்டார்கள். தரைக்கு அடியில் ஜாக்கி இறங்குகிற சத்தம். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு மண்ணில் உட்காருகிறது. ஒரு கணம் எல்லாம் சாய்ந்து, ஜாடியும் டப்பாவும் ஒன்றோடொன்று மோதி, நின்றுவிடுகின்றன. இப்போது இலை விழுகிறது. முதல் தடவையாக என் தலை நிமிரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது. காது கேட்பதை நிறுத்திவிட்டது.

இறங்குகிறேன். அவர் பொலிரோவில் கொக்கியை மாட்டிவிட்டுக் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். காதோரம் கிரீஸ். சேவியர் எலுமிச்சம்பழம் எடுத்து வர வீட்டுப் பக்கம் போயிருக்கிறார். "போர்வைய மடிச்சு வெச்சது நீங்களா?" என்கிறேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆமா." "தலகாணி?" "நாந்தான்." "எதுக்குங்க?" துடைத்த கையையே மறுபடி துடைக்கிறார். "மொதத் தடவ எனக்காகத்தான் பண்ணுனேன் அம்மிணி. அவன் படுத்த எடத்துல படுத்துப் பாத்தேன். எந்திரிச்சப்ப, அவன் மடிக்கற மாதிரி மடிச்சுப் பாத்தேன். அவன் வந்துட்டுப் போனாப்பல இருந்துச்சு. அப்பறம் ரெண்டு பேரும் வந்தமே, நீ அதப் பாத்துட்டு அழுதுட்டே சிரிச்சே. அன்னைக்குத்தான் ஒரு வாய் சோறு நல்லாத் தின்னே. நான் எப்படிச் சொல்றது?" ஏமாத்திட்டீங்க என்கிறேன். "ஆமா." நாலு வருசமுங்க, என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க. "ஆமா," என்கிறார் மறுபடியும். அந்த ஆமாவுக்கு ஒரு அறை விடலாம் போல இருக்கிறது. அப்புறம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், "நீ மட்டுமா ஏமாந்தே. நான் மடிச்சு வெச்சுட்டுப் போயிருவேன். அடுத்த தடவ வந்து கதவத் தொறக்கறப்ப, மடிச்சது நாந்தான்னு மறந்து போயிருது. நெஞ்சு திக்குனு அடிச்சுக்குது, வந்துட்டானேன்னு. ஒரு நிமிசம்தான், ஒரே நிமிசம். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் பஸ் ஏறி ஏறி வந்தேன்." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நான் அவரைப் பார்க்கிறேன். காரியம் பண்ணலாம் என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் இந்த மனுஷன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மனதுக்குள் சரி என்று சொல்லிக்கொள்கிறார், எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரில் உறுதியானவர் அவர், நான்தான் பித்துப் பிடித்தவள் என்று ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். என்னை ஏமாற்றவாவது ஒரு ஆள் இருந்தார். இவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, தானே கஞ்சி குடித்து, தானே மடித்து வைத்து, தானே வந்து நெஞ்சு அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மழையில் நனைந்துகொண்டு. கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதை வைக்க இடம் தெரியவில்லை.

சேவியர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். நாங்கள் பொலிரோவில் ஏறுகிறோம். அவர் சாவியைப் போடுகிறார், திருப்பவில்லை. கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது. களத்தில் மூடுபனி இறங்குகிறது, ஈரக் காப்பித் தோலின் புளிப்பு வாசனை வண்டிக்குள் வருகிறது. "அம்மிணி," என்கிறார். "சொல்லுங்க." "ரோட்டோரமா, அந்தச் சர்ச்சுத் திருப்பத்துல எடம் இருக்குது. பாதர்கிட்டக் கேட்டு ஒரு ஆறு மாசத்துக்கு நிறுத்திக்கலாமா? ரோட்டுல இருந்து பாத்தாவே பேரு தெரியும்." எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. என் வாயில் இருக்கிற வார்த்தை அது. நான் கேட்பதற்காக நேற்றிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்த அதே இடம், அதே திருப்பம். சரிங்க என்று சொல்லிவிட்டால் போதும். இந்த நிமிஷமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் மடிப்பார், நான் பார்ப்பேன், இனிமேல் அவர் மடித்தது என்று எனக்கும் தெரியும், அதனால் என்ன, மறந்துவிட எத்தனை நேரம் ஆகும்? அவருக்கே மறந்துவிடுகிறதாமே. உடம்பு முழுக்கச் சரி சரி என்கிறது. அவர் முகத்தைப் பார்க்கிறேன். எதிரில் இருக்கிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பார்ப்பேனே, அதே மாதிரி, ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால். இத்தனை நாள் என் முகம் இப்படித்தான் இருந்ததா? இதைப் பார்த்துக்கொண்டா இவர் பக்கத்தில் படுத்திருந்தார்? இப்படியே விட்டால், ஒரு நாள் மழையில் பஸ் ஏறி வந்தவர் திரும்பி வரமாட்டார். எனக்கு அது பட்டென்று தெரிகிறது. இந்த மலை அவரையும் எடுத்துக்கொள்ளும், நான் சங்ககிரியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் உப்பு வைப்பேன். "வேண்டாமுங்க," என்கிறேன். அவர் திரும்பவில்லை. "ஊருக்குப் போனதும் உங்க அண்ணனுக்குப் போன் போடுங்க. பவானிக்கு என்னைக்குப் போறதுன்னு கேளுங்க." சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக யார் சொன்னாலும் அவர்கள் வாயைச் சபித்தேன், இன்றைக்கு என் வாயாலேயே சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. அவர் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுகிறது. தோள் குலுங்குகிறது. ஒரு சத்தம் வருகிறது அவரிடமிருந்து, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம், ஏறி, உடைந்து, இறங்குகிற சத்தம். சேவியர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் அவர் முதுகில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, பிறகு வரும், வரட்டும். "எடுங்க," என்கிறேன். "இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

வண்டி நகர்கிறது. எலுமிச்சம்பழம் நசுங்குவது காலில் தெரிகிறது. களம் போகிறது, சர்ச்சுத் திருப்பம் போகிறது, கடைத்தெரு, ஏரி, ஏரியில் படகில் சிரிக்கிற யாரோ. நான் பக்கத்துக் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் பின்னால் வருவது தெரியும், அதன் பின்னால் எதுவும் வரவில்லை என்பதும் தெரியும். முதல் கொண்டை ஊசி வளைவில் அவர் நிறுத்திவிடுகிறார். கேரவனை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் திருப்ப முடியாது, உள்பக்கச் சக்கரம் ஓடையில் இறங்கிவிடும். ஒரு ஆள் இறங்கி, வளைவில் நின்று, எதிரே வருகிற பஸ்ஸை நிறுத்தி, சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை மலைக்கு ஏற்றி வந்த அன்றைக்கு அது நிர்மல் வேலை. வளைவுக்கு வளைவு குதித்து இறங்கி ஓடினான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், அப்புறம் ரோட்டைப் பார்க்கிறார். கேட்க மாட்டார். நான் கதவைத் திறந்து இறங்குகிறேன். முழங்கால் வலிக்கிறது. கீழே இருந்து ஒரு பஸ் ஏறி வருகிறது, கையைக் காட்டி நிறுத்துகிறேன், டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார், நல்ல புடவை கட்டிய ஒரு கிழவி நட்டநடு ரோட்டில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்க்கிறேன். சக்கரத்துக்கும் ஓடைக்கும் ஒரு முழம் இருக்கிறது. "ஸ்டீயரிங்க ஒடிங்க," என்று கத்துகிறேன், "இன்னும் நல்லா ஒடிங்க. நான் பாத்துக்கறேன், நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க." சக்கரம் என் காலை ஒட்டி மெதுவாக உருள்கிறது. இன்னும் எத்தனையோ வளைவுகள் இருக்கின்றன. நான் திரும்ப ஏறி உட்காரவில்லை, அடுத்த வளைவு வரைக்கும் வண்டிக்கு முன்னால் நடக்கிறேன்.